வலி ஒருவருக்கு, மாத்திரை இருவருக்கு

ஐப்பசி மூன்றாம் செவ்வாய், பகல் 11.40, தூறல். வீரபாண்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு இளந்தம்பதி.

“அடிவயித்து வலி உனக்கு, மாத்திரை எனக்கா?” என்றான் கணவன்.

“கருக்குழாயில கிருமிங்க. நான் மட்டும் மாத்திரை தின்னா, உங்ககிட்டயிருந்து மறுக்கா தொத்திக்குமாமுங்க. அப்பறம் பாப்பா தங்கறதே சிரமம்னாங்க டாக்டரம்மா.”

“எனக்கு ஒண்ணும் வலிக்கலையே!”

“வலிக்காமயே இருக்குமாமுங்க. ஏனுங்க கட்டிங் மாஸ்டரே, ஓட்டைத் துணிய வெட்டிக் குடுத்துட்டு, டெய்லர மட்டும் பிரிச்சுத் தைக்கச் சொன்னா ஆகுமா?”

அவன் சிரித்துவிட்டான். ஆனால் மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். என் நிறுத்தம் வந்து போயிற்று. அவன் விழுங்காமல் நான் எப்படி இறங்குவது?

மூன்று நிறுத்தம் தாண்டி, “உன்னுதையும் எடு கண்ணு, ஒண்ணாப் போட்டுக்கலாம்” என்றான். இருவரும் விழுங்கினார்கள்.

வீடு திரும்ப எனக்கு ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் ஆயிற்று.