தம்பியின் கைச்சைகை

புல் காய்ந்துவிட்டதா என்று தெரிய ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பார்க்க வேண்டும், ஷெரிஃப். நொறுங்கினால் கட்டலாம். கயிறு மாதிரி வளைந்து கொடுத்தால் அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. வியாழக்கிழமை காலை நொறுங்கியது. சாயங்காலம் மழை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அன்று எங்கள் இருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

கோடையில் புல் சேர்க்காவிட்டால் பனியில் மாடு செத்துப்போகும். அப்பா போனதிலிருந்து அந்த வேலையை நானும் என் தம்பி வெர்லினும்தான் செய்கிறோம். பண்ணை அவன் பேரில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்குத்தான் என்று அப்பா முடிவு செய்தார், நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கென்று இருந்தது இந்தச் சமையலறையும் டிராக்டர் சீட்டும். அது போதும் என்றுதான் இருந்தேன். ஊரில் என்னைப் பாவம் என்று பேசிக்கொள்வார்கள், தெரியும். அந்தப் பாவத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

காலையிலேயே சகுனம் சரியில்லை. காய்ந்த புல்லை வரிசையாக வாரும் சீப்பு வளைக்கரடி தோண்டிய மண்மேட்டில் ஏறி நான்கு பல் போயிற்று. வெர்லின் அடியில் படுத்துப் புதுப் பற்களை அடித்து மாட்டினான். அவனுக்குப் பொறுமை அதிகம். நான் திட்டிக்கொண்டே இருப்பேன், அவன் விசிலடித்துக்கொண்டே இருப்பான். பதினோரு மணி வாக்கில் புல் கட்டும் பேலர் இயந்திரத்தில் பெல்ட் கிழிந்தது. புல்லை உருளையாகச் சுருட்டிக் கட்டுவது அந்தப் பெல்ட்டுகள்தான், ஒன்று போனாலும் வேலை நின்றுவிடும். டிராக்டர் நிழலில் உட்கார்ந்து, நான் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ள, அவன் கொக்கி அடித்து ஒட்டுப் போட்டான். அப்போதுதான் சொன்னான்.

"அக்கா, நானும் டார்லாவும் செப்டம்பர்ல கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

டார்லா என்பவள் தபாலாபீஸில் இருக்கிற விதவை. நல்லவள்தான். அவள் சுடும் ஆப்பிள் பை மட்டும் அடியில் வேகாது.

"பண்ணிக்கோயேன். அம்பத்தெட்டு வயசுலயாவது புத்தி வந்துதே" என்றேன்.

"கோவமில்லையே?"

"எனக்கென்னடா கோவம்? கொக்கிய நேரா அடி."

அவன் சிரித்தான். பிறகு கொக்கியைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு டவுன்ல ஒரு வீடு பார்த்து வச்சிருக்கேன்க்கா. வெந்நீர், ஹீட்டர் எல்லாம் இருக்கு. படிக்கட்டே கெடையாது. நீ ஏன் இனிமேலும் மாடா உழைக்கணும்?" என்றான்.

"என் முட்டிக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல."

"அதான் சொல்றேன், நல்லா இருக்கறப்பவே போயி உட்காரு. டார்லா இந்த அடுப்பைத் தூக்கிட்டு, செவுத்த இடிச்சுப் பெருசாக்கணும்ங்கறா. நீ இருந்தா உனக்குத்தானே தூசி, சத்தம் எல்லாம்?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். என்மேல் அவனுக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கோபமும் வரவில்லை. பயம் வந்தது. அந்த டவுன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து எதிர்ப்பக்கக் கார் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவி கண்முன் வந்தாள். அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஒட்டுப் போட்ட பெல்ட்டைத் திரும்பக் கோர்க்க, பேலரின் பின்கதவைத் தூக்கி வைத்து, ஒருவர் அதன் அடியில் நிற்க வேண்டும். கதவு இறங்காமல் பிடிக்க ஒரு திருகு உண்டு. அது போன வருஷமே துருப்பிடித்து இறுகிவிட்டது. "புல் வேலை முடியட்டும், பார்த்துக்கலாம்" என்பான். அவன் கவனக்குறைவையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், தம்பியென்று நான் அதை மறைக்கப்போவதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, லிவரில் கை வைத்துக்கொண்டு நான் சீட்டில் இருந்தேன். கதவை ஒரு விரல் அளவு ஏற்றி இறக்கினால்தான் பெல்ட் உருளையில் உட்காரும்.

எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் எல்லாம் கைச்சைகைதான். கட்டைவிரலை உயர்த்தினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தால் இறக்கு. சீட்டில் இருக்கிறவர் யோசிக்கக் கூடாது, கையை மட்டும் பார்க்க வேண்டும். நான் யோசித்துச் செய்து ஒருமுறை அப்பாவின் விரல் போயிற்று. அதிலிருந்து இந்த வீட்டில் அதுதான் சட்டம்.

வெர்லினின் தலையும் வலது கையும் பக்கவாட்டில் தெரிந்தன. விசிலடிக்கிற மாதிரி உதடு குவிந்திருந்தது. ஒரு மாட்டு ஈ அவன் காதைச் சுற்றி வந்து கழுத்தில் உட்கார்ந்தது. அவன் கையை வீசினான், உள்ளங்கை கீழே. ஈ எழுந்து திரும்ப உட்கார்ந்தது. மறுபடியும் வீசினான்.

நான் லிவரை இறக்கினேன்.

அது ஈயை விரட்டிய கை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். பெரிய ஈ.

கதவு அவனைத் தோளுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. தலையும் அந்தக் கையும் மட்டும் வெளியே இருந்தன. கட்டைவிரலை உயர்த்தினான். அதுவும் எனக்குப் புரிந்தது. மேற்கே பார்த்தேன், மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினை அணைத்தேன். எஞ்சின் ஓடாமல் அந்தக் கதவு ஏறாது, உங்கள் ஆட்களுக்கும் இது தெரியும். சத்தம் அடங்கியதும்தான் அவன் பேசுவது கேட்டது.

"அக்கா" என்றான். "அக்கா, தூக்கு."

மெதுவாகத்தான் சொன்னான். பேசுகிற அளவுக்கு அவனிடம் மூச்சு இருந்தது என்பதில் எனக்கு நிம்மதி. மேலக்கோடியில் இன்னும் வாராத புல் கிடந்தது. அது நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணத்தைத் தின்றால் சினை மாட்டுக்குக் கருக் கலைந்துவிடும். சின்ன டிராக்டரை எடுத்துக்கொண்டு போனேன். வரிசை கோணாமல் வாரினேன். புல் வேலையில் அவசரப்பட்டால் இரண்டு வேலை. முதல் தூறல் விழும்போது முடிந்தது.

டார்லா நேற்று வந்தாள். நான் சமைத்துப் போட்டேன், சாப்பிட்டாள். கடைசியில் ஏதாவது சொன்னானா என்று கேட்டு அழுதாள். உன் பேரைச் சொன்னான் என்றேன். துக்கத்தில் இருக்கிறவளுக்கு அது கூடச் சொல்லாவிட்டால் எப்படி?

தூறலில் அவனிடம் திரும்பி வந்து பக்கத்திலேயே நின்றேன், ஷெரிஃப். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தூக்கியிருப்பேன். தம்பி வாய்திறந்து கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதே கிடையாது.