வகுப்பு நாள் கஞ்சி

இல்ல இல்ல, நாற்காலியெல்லாம் வேணாம், இப்படிக் கீழயே உக்காந்துக்கறேன். நீ மொதல்ல கையக் கழுவிட்டு வா. மீன் அறுத்துட்டு இப்பதான் வர்றியா? செதிலப் பாரு, முழங்கை வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னைக்குச் சத்துணவு வகுப்புக்கு வரலன்னு சண்டை போட வந்திருக்கேன்னு நெனச்சியா? அட, அதுக்கில்லம்மா. என் பையனா? அவன் வீட்ல இருக்கான். இன்னைக்கு அவன வகுப்புக்குக் கூட்டிட்டுப் போகல.

பாப்பா தூங்கறாளா? கன்னம் ஏன் இப்படிச் செவந்திருக்கு? கொசுவா? கொசு கடிச்சா வெரல் வெரலாவா தெரியும்? மறைக்காதம்மா. உன் பக்கத்து வீட்டுக்காரங்க நேத்தே எங்கிட்ட சொல்லிட்டாங்க, பாப்பா கஞ்சியத் துப்பினதுக்கு நீ அடிச்சேன்னு. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் புடிக்கல. அழாத. அழாதன்னு சொல்றேன்ல? உன்னத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

அந்த மீன் பொடி டப்பாவ இப்படிக் குடு, மோந்து பாக்கறேன். நல்லா வறுத்திருக்க, கருகவும் இல்ல. தலை, முள்ளு எல்லாம் சேத்து மாவாட்டம் அரைச்சிருக்க. உப்பு போடாம காய வெச்ச மீனுதானே? அப்ப ஒரு கொறையும் இல்ல. உன் கைப்பக்குவம்தான் தப்புன்னு நீயா ஏன் முடிவு பண்ண?

ஆமா... தெரியும். எல்லாரும் அததான் சொல்றாங்க. டீச்சர் புள்ளையப் பாரு, கிண்ணத்தோட முழுங்கிடுவான் போலன்னு. நீகூட அன்னைக்குக் கேட்டியே, அவன் வாய எங்க பாப்பாவுக்குக் கொஞ்ச நாளைக்குக் கடன் குடுங்கக்கான்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் வெக்கமே இல்லாம பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்.

மொதல்ல நான் தனியாத்தான வந்துக்கிட்டிருந்தேன்? தொண்டத்தண்ணி வத்தக் கத்துவேன். நாள் பூரா மீனுலயே கெடக்கறீங்க, நல்லதெல்லாம் கூடை கூடையா வெளிய போவுது, உங்க புள்ளைங்க பிஸ்கட்ட டீயில நனச்சுத் தின்னுட்டு குச்சி குச்சியா இருக்குதுங்க, அந்தச் சின்ன மீனுல ஒரு பிடி எடுத்து வைங்கடின்னு. யாரு காதுல போட்டுக்கிட்டீங்க? ஐய, நாத்தம், புள்ளைங்க கிட்டகூட வராதுன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டீங்க. ஒரு நாள் எந்திரிக்க லேட்டாயிடுச்சு. புள்ளைக்கு எதுவும் குடுக்காம இடுப்புல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடியாந்தேன். வகுப்புல நான் கிண்டி வெச்ச மீன் பொடிக் கஞ்சிய, உங்க கண்ணு முன்னாடியே வழிச்சு வழிச்சுத் தின்னான். அவ்வளவுதான்! மறு வாரம் தெருவெல்லாம் மீனு காயுது. ஆபீஸ்ல மேடம் என் தோளத் தட்டிக் குடுத்தாங்க.

பொய் இல்லம்மா, நல்ல சாப்பாடுதான். என் புள்ள மேல சத்தியம். ஆனா புது ருசின்னா எந்தப் புள்ளையும் மொதல்ல துப்பும். என் பையனும் துப்பினவன்தான். நாக்குல ஒரு சொட்டு வெச்சு, அப்படியே விட்டுட்டு, மறுநாள் மறுபடியும் வெச்சுத்தான் பழக்கணும். இத நான் வகுப்புல வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். சொல்லல. சொன்னா நீங்க அப்படியே எந்திரிச்சுப் போயிடுவீங்களோன்னு பயம்.

அப்பறம் எப்படி வாராவாரம் அப்படித் திங்கறான்னா கேக்கற? பசிதான். வகுப்பு இருக்கற அன்னைக்குக் காலையில நான் அவனுக்கு எதுவும் குடுக்கறதில்ல.

அப்படிப் பாக்காதம்மா. என்னத் திட்டணும்னா திட்டிடு. உன் பாப்பா ஒண்ணும் அடங்காத புள்ள இல்ல, வயிறு காயாத புள்ள, அவ்வளவுதான். அடிச்சிட்டோமேன்னு நீ அழற. நான் பண்ணதுக்குக் கைத்தட்டல் வாங்கிட்டேன்.

இந்தா, எந்திரிச்சிட்டா பாரு. வாடி தங்கம். அந்தக் கஞ்சிய எடு, ஒரே ஒரு சொட்டு வைப்போம். துப்பினா துப்பட்டும், வாயத் தொடச்சு விட்டுடுவோம்.

இன்னைக்குக் காலையிலயும் பட்டினிதானான்னா கேக்கற? மனசு கேக்காம, பால்சோறு பெசஞ்சு வெச்சேன் அவனுக்கு. வெச்சிட்டு, வகுப்புக்கு இந்தப் பொடி டப்பாவப் பையில போட்டுக்கிட்டு இருந்தேன். அதப் பாத்துட்டு அவனே தட்டத் தள்ளிட்டான். இப்ப வேணாம்மா, அங்க போயி சாப்பிடறேன், எல்லாரும் பாப்பாங்கல்ல, அப்படிங்கறான்.