பதினாறு கட்டில்களைக் காத்த கண்ணுசாமி அவர்களுக்கு

கொல்லிமலை அடிவாரத்து அரசு மருத்துவமனையில் முப்பதாண்டுகள் கடைநிலை ஊழியராய்க் கடமையாற்றி, 1986 ஜூன் முப்பதாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் திருமிகு அ. கண்ணுசாமி அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்.

இரும்புக்கும் இரக்கம் காட்டிய இனியவரே! துருவுக்குப் பகைவரே, துயருற்றோர்க்குத் துணைவரே! கையில் கந்தல் துணியும் கக்கத்தில் எண்ணெய்ச் சாடியுமாய்க் காலை ஏழு மணிக்கே காட்சி தந்த கண்ணியரே! வணக்கம்.

இப்படியே இரண்டு பக்கம் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தோம். முடியவில்லை. இதற்கு மேல் தங்கள் முகத்தைப் பார்த்துத் 'தாங்கள்' என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே கூடியிருக்கும் ஊராருக்குச் சொல்வதுபோல 'அவர்' என்றே சொல்லிப் போகிறோம். தாங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

1956-ல் இந்த மருத்துவமனை திறந்தபோது பதினாறு இரும்புக் கட்டில்கள் லாரியில் வந்திறங்கின. இறக்கி வைத்தவர் அன்றுதான் வேலையில் சேர்ந்த கண்ணுசாமி. பினாயில் தண்ணீர் ஊற்றித் தினமும் தரை கழுவும் இடத்தில் இரும்புக் கால் நாலைந்து வருடம் தாங்கினால் அதிகம். அவர் லாரிப் பட்டறைகளில் கிழிந்த டியூபைக் கேட்டு வாங்கி வந்து, அறுபத்து நாலு கால்களுக்கும் ரப்பர்ச் செருப்புத் தைத்து மாட்டினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை மூட்டுகளில் கொதிநீர் ஊற்றி மூட்டைப்பூச்சியை விரட்டுவார். துரு தலைகாட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். மழை தொடங்குமுன் திருகாணி ஒவ்வொன்றுக்கும் விளக்கெண்ணெயை விரலால் தொட்டு வைப்பார். வருடம் தவறாமல் ஆயுத பூசைக்கு அலுமினியப் பெயின்ட்.

மூன்றாம் நம்பர்க் கட்டிலுக்கு இடுப்புவலி, ஒன்பதாம் நம்பருக்கு மழைக்காலத்தில் முனகல் என்று அவர் சொல்லும்போது நாங்கள் கேலி செய்வோம். "நோயாளி எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாருங்க. இதுக எங்க போகும்?" என்பார். சேந்தமங்கலம் சந்தைக்கு அவர் போனால் அரைமணி வேலை அரைநாள் ஆகும். பழுதான ஸ்டவ்வைக் காட்டுவார் ஒருவர், குடைக்கம்பியைக் காட்டுவார் இன்னொருவர். எந்தச் சாமானையும் அவர் "தூக்கிப் போடுங்க" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

கேடு அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் வந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகளெல்லாம் கட்டிலைத் தட்டிப் பார்த்து, வருகைப் புத்தகத்தில் 'நன்கு பராமரிக்கப்பட்டுள்ளன' என்று எழுதிவிட்டுப் போனார்கள். எழுத்தர் மாதையன் வருடந்தோறும் புதிய கட்டில் கேட்டு விண்ணப்பம் எழுதுவார். சேலத்திலிருந்து வருடந்தோறும் ஒரே பதில் வரும்: 'தற்போதுள்ளவை நல்ல நிலையில் இருப்பதால் புதியவை தேவையில்லை.' கட்டில் பதினாறு. படுப்பவர்கள் முப்பது, நாற்பது. மிச்சப் பேருக்குத் தரைதான்.

1982 கார்த்திகையில் மலையிலிருந்து செல்லியம்மாள் என்ற பெண் பிரசவத்துக்கு வந்தாள். கட்டில் இல்லை, பாயில்தான் பெற்றாள். மறுநாள் அடைமழை, வாசற்படி தாண்டித் தண்ணீர் வந்தது. பாய் நனைந்தது. பிள்ளைக்குக் குளிர் கண்டது; மூன்றாம் நாள் இறந்துபோயிற்று. அந்தப் பாயைச் சுருட்டி வெளியே கொண்டுபோனவர் கண்ணுசாமிதான்.

அதற்குப் பிறகு வந்த ஆடியில் செவிலியர் ராசம்மாள் அவரை மருந்தறைக்குக் கூப்பிட்டார். மாதையனும் நாங்களும் அங்கே இருந்தோம். "அண்ணா, கட்டிலை நீங்க காப்பாத்தறீங்க. தரையில கெடக்கறவங்களை ஆருங்க காப்பாத்தறது?" என்றார் ராசம்மாள். மாதையன் மீதியைச் சொன்னார்: "ஒரே ஒரு மழைக்காலம் கை வைக்காம உட்டுப்போடுங்க. துருப்பிடிச்சாத்தான் கழிச்சுக் கட்டுவாங்க. கழிச்சாத்தான் புதுசு வரும். ஏதாச்சும் கேள்வி வந்தா நாங்கல்லாம் இருக்கோமுங்க."

நாங்கல்லாம் இருக்கோமுங்க. இந்த இரண்டு சொற்களை மறுபடி எழுதக் கை கூசுகிறது.

கண்ணுசாமி வார்டுக்குள் போய்ப் பதினாறு கட்டில்களையும் ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு எண்ணெய்ச் சாடியைக் கொண்டுவந்து ராசம்மாளிடம் கொடுத்து, "இது எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காதுங்க. பூட்டி வைங்க, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அந்த மழைக்காலம் முழுவதும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தோம். ரப்பர்ச் செருப்புகளைத் தம் கையாலேயே கழற்றினார். ஐப்பசியில் கால்கள் சிவந்தன. மார்கழியில் மூட்டுகள் பொரிந்தன. ஒன்பதாம் நம்பரின் பொரிந்த காலை ஒருநாள் சட்டை நுனியால் துடைக்கக் குனிந்தவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டதை ராசம்மாள் பார்த்தார். வீட்டில் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி பொன்னாயி பிற்பாடு சொன்னார். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டதுபோல் இருந்ததாம் அவருக்கு.

1984 பங்குனியில் ஆய்வுக்கு வந்த அதிகாரி மூன்றாம் நம்பர்க் கட்டிலில் கை ஊன்றினார். மூட்டு விட்டுக் கட்டில் சாய்ந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "இதுக்கு யார் பொறுப்பு?" என்றார்.

வார்டில் நாங்கள் ஏழு பேர் நின்றோம். டாக்டரிடம்கூட விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. மாதையன் தரையைப் பார்த்தார். ராசம்மாள் சன்னலைப் பார்த்தார். மற்ற ஐவரும் எதைப் பார்த்தோம் என்பது நினைவில்லை. அதிகாரியைப் பார்க்கவில்லை என்பது நிச்சயம். கண்ணுசாமி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் முன்னே வந்து, "நானுங்க" என்றார்.

மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள். 'கவனிக்கத் தவறிவிட்டேன்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். முப்பதாண்டுப் பணிப்பதிவேட்டில் அவருக்கென்று எழுதப்பட்ட ஒரே குறிப்பு, 'பராமரிப்பில் அலட்சியம்'. வருகைப் புத்தகத்துப் பாராட்டுகளில் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை.

ஆவணியில் இருபத்து நாலு புதிய கட்டில்கள் வந்தன. பழையவை ஏலத்தில் போயின. ஊருக்குச் செய்தி எப்படிப் போயிற்றோ, ஆஸ்பத்திரிச் சாமானைத் துருப்பிடிக்க விட்ட ஆள் என்று சந்தையில் பேசினார்கள். குடைக்கம்பியோடு வந்தவர்களே சிரித்தார்கள். அவர் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சாவியையும் கேட்கவில்லை. ஆனால் புதுக் கட்டில்கள் வந்த மறுவாரம் பார்த்தால் தொண்ணூற்றாறு கால்களிலும் ரப்பர்ச் செருப்பு இருந்தது. எண்ணெய் அவர் வீட்டு எண்ணெய்.

போன வாரம், இதுவரை எழுதிய மடலை எடுத்துக்கொண்டு ராசம்மாளும் மாதையனும் அவர் வீட்டுக்குப் போய், சபையில் வாசிக்க அனுமதி கேட்டார்கள். பணிப்பதிவேட்டில் இதைச் சேர்க்க விதியில் இடமில்லை. ஆகவே ஒரு படியை வார்டுச் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டப்போகிறோம் என்றார்கள். அவர் முழுதும் கேட்டார்.

பொன்னாயிதான் பேசினார். "ரெண்டு வருசமா இந்த மனுசன் தலை நிமிந்து சந்தைக்குப் போகலீங்க. இந்தக் காயிதத்தை அன்னைக்கே கொண்டாந்திருக்கக் கூடாதுங்களா?"

அன்றைக்கே கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவராதது எங்கள் எழுவரின் குற்றம்.

கண்ணுசாமி சொன்னார்: "படிங்க. மாட்டறப்போ சட்டத்துக்குப் பின்னால எண்ணெய் தடவி மாட்டுங்க. அந்தச் சுவத்துல கரையான் ஏறும்."

பெரியவரே, இனித் தங்களைப் பார்த்தே சொல்கிறோம். தடவிவிட்டோம். சாடியையும் சாவியையும் இம்மடலோடு தங்கள் கையில் வைக்கிறோம். தாங்களும் பொன்னாயி அம்மாளும் நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். வருகிற சந்தைக்குத் தாங்கள் போக வேண்டும். தாங்கள் சம்மதித்தால் நாங்களும் உடன் வந்து, கேட்பவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்கிறோம். சம்மதிக்காவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
ராசம்மாள், மாதையன் மற்றும் ஐவர்,
'யார் பொறுப்பு' என்று கேட்டபோது
வார்டில் நின்றிருந்த ஊழியர்கள்.