முப்பத்து நான்கை எட்டால் வகுத்தால்

எட்டாம் வாய்பாடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். நிபோங் திபாலில் அத்தா வேலை பார்த்த நாசி கண்டார் சோற்றுக்கடையில் மேசை துடைத்துக்கொண்டே சொல்லிப் பழகியது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியதும் நான்தான். அதனால் கணக்கில் மட்டும் என்னைச் சந்தேகப்படாதீர்கள். மற்றதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பிறைக் கிளையில் மூளை டாக்டர் கிடையாது. விபத்தில் தலையில் அடிபட்டு யாராவது வந்தால் அங்கே ஸ்கேன் எடுப்பார்கள். ராமசாமி அண்ணன் அந்த ஃபிலிமை மோட்டார் சைக்கிளில் வைத்துப் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவருவார். டாக்டர் அப்புத்துரை பார்த்துவிட்டு, எந்த இடத்தில் துளை போட்டு ரத்தத்தை எடுக்க வேண்டும் என்று அங்குள்ள டாக்டருக்குப் போனிலேயே சொல்வார். மழையில் நனைகிற ஏற்பாடுதான். ஆனால் ஆட்கள் பிழைத்தார்கள்.

தொண்ணூற்றாறில், பிறையிலிருந்து படங்களை நேராக அனுப்ப ஃபைபர் லைன் வந்தது. எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் விஸ்வலிங்கம். மூன்று தலைமுறையாகப் பேனா பிடித்த குடும்பம். டிஸ்க் நொடிக்குப் பத்து மெகா, லைன் முப்பத்து நான்கு மெகா, ஆகவே மூன்று டிஸ்க்குகளை ஒன்றாக ஓட்டலாம் என்று கூட்டத்தில் விளக்கினார். பிறையில் தேங்கிய பழைய படங்கள் எல்லாம் கால் மணியில் இங்கே வந்துவிடுமாம்.

டிஸ்க் செய்கிறவர்கள் பைட்டில் அளக்கிறார்கள். லைன் போடுகிறவர்கள் பிட்டில் அளக்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். முப்பத்து நான்கை எட்டால் வகுத்தால் நாலு சொச்சம். மூன்று டிஸ்க் இருக்கட்டும், ஒரு டிஸ்க்கின் வேகத்தில் பாதியைக்கூட அந்த லைன் தாங்காது. கை தூக்கி இதைச் சொன்னேன்.

“என்ன பிள்ளை, பட்டம் எடுத்தவுடன கணக்கெல்லாம் உன்ர சொத்தாப் போச்சோ?” என்றார். “தேத்தண்ணி ஆறுது, ஊத்திக் குடு. கடையில பழகின கைதானே.”

சிரித்தார்கள். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு தடவை சொன்னால் தகவல். இரண்டாம் தடவை சொன்னால் பிச்சை. நான் பிச்சை கேட்கிற வீட்டில் பிறக்கவில்லை.

லைனைச் சோதித்துப் பார்க்கும் வேலையை என்னிடமே விட்டார். ஒரே ஒரு சின்னப் படத்தை அனுப்பினேன். கண் மூடித் திறக்குமுன் வந்தது, கைதட்டினார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. சின்னப் படம் வேகமாகத்தான் வரும்.

அன்றைக்கு மதியம் பழைய படங்களைக் கிளப்பிவிட்டுச் சாப்பிடப் போனார். முதலில் கிளம்பியதற்கே முதல் வழி, பிறகு வருவது இடுக்கில் நுழைந்து வரட்டும் என்பது அவர் வகுத்த முறை. கால் மணி என்று அவர் நினைத்தது இரண்டு மணி நேரம் ஓடும் என்று எனக்குத் தெரியும். அவர் போன கொஞ்ச நேரத்தில் பிறையிலிருந்து ஸ்கேன் அறை மஹ்பூபா கூப்பிட்டாள்.

“சுலைஹாக்கா, பேக்டரிப் பொண்ணு ஒண்ணு, பேரு புஷ்பராணி. பைக்குல போனப்ப லாரி இடிச்சிருச்சு. ஸ்கேன் அனுப்பிட்டேன், வந்துச்சா?”

“வருது.”

வந்துகொண்டுதான் இருந்தது. முதல் படம் பக்கவாட்டில் மண்டை, மேலிருந்து கீழே வரி வரியாக. உச்சி, நெற்றி, கண்குழியின் மேல் விளிம்பு. அங்கே நின்றுவிட்டது.

பழைய படங்களை நிறுத்த ஒரு விசை போதும். நிறுத்தியிருந்தால் புஷ்பராணியின் படம் வந்திருக்கும். விஸ்வலிங்கத்தின் கணக்கும் சரியாகிப் போயிருக்கும்.

மஹ்பூபா மறுபடி கூப்பிட்டாள். “வருது வருதுங்கறீங்க, ஆமைகூட வந்திருக்கும்லா. ராமசாமி அண்ணன் கீழதான் நிக்கிறாரு. ஃபிலிமக் குடுத்து விடவா?”

“வேணாம். பாதி வந்திருச்சு. அவரு பாலத்த ஏறுறதுக்குள்ள முழுசா வந்துரும்.”

“நீங்க சொன்னா சரிக்கா.”

டாக்டர் அப்புத்துரை இறங்கி வந்து என் பின்னால் நின்றார். “என்னம்மா, இன்னும் நெத்தியிலயே நிக்குது?”

“சார் போட்ட ஏற்பாடு, டாக்டர். அவரு வந்தாத்தான் தெரியும்.”

விஸ்வலிங்கம் வந்தபோது டாக்டர் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போய்விட்டாள் என்றார்.

“கணக்கு எங்க பிழைச்சது, பிள்ளை?” விஸ்வலிங்கம் என்னைத்தான் கேட்டார்.

“எட்டால வகுக்கல, சார்.”

நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டரின் முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி, “நீ அப்பவே சொன்னனி” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். கேட்டபோது காது அடைத்த மாதிரி இருந்தது.

படம் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. மூக்கு, பல்வரிசை, தாடை. எல்லோரும் போன பிறகும் கடைசி வரி வரை பார்த்தேன். இப்போது யாரைப் பார்த்தாலும் முகம் நெற்றியோடு நின்றுவிடுகிறது. ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் வாங்கும்போது கடைக்காரருக்குக் கண் வரும்வரை காசை நீட்டிக்கொண்டே நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். கண்ணாடியில் மட்டும் வருவதில்லை.

பெரிய இடத்துக்காரர்கள் தப்பாகக் கணக்குப் போட்டால் சாவது எப்போதும் எங்களை மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான். யாராவது ஒருத்தி அதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான். சோதனையை ஜெயிக்க வைத்தது நான். விசையை அழுத்தாதது நான். ராமசாமி அண்ணனைத் தடுத்தது நான். புஷ்பராணியின் அம்மா வெளியே பெஞ்சில் இருப்பதாகச் சொன்னீர்கள். அவரிடம் போய்ச் சொல்லுங்கள், சுலைஹா போட்ட கணக்கில் பிழை இல்லை என்று.