தலைகீழ் எச்சில்

தங்கை: ...மறுபடியும் கேக்கறேன் அண்ணா. எங்க வகுப்பு டெஸ்டுக்கு எச்சில் கேட்டுக் குடுத்த ட்யூபை மாத்தித் துப்பிட்டியா?

அண்ணன்: ஹாஸ்டல்லேருந்து வந்ததும் வராததுமா இதுதானா? காலைன்னு எழுதினதுல காலையில துப்பினேன். சாயங்காலம்னு எழுதினதுல சாயங்காலம்.

தங்கை: அப்படின்னா உன் வாய்தான் தலைகீழ்.

அண்ணன்: பல் டாக்டருக்குப் படிக்கிற திமிரு...

தங்கை: கேளு! உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. தூங்கறப்போ எச்சில் அனேகமா வத்திடும். எழுந்ததும் வாய் ஒட்டிக்கிது இல்ல, அதான். அப்புறம் மெல்ல மெல்ல ஏறி, சாயங்காலம்தான் நல்லா ஊறும். வகுப்புல எல்லார் வீட்டு ட்யூபும் அப்படித்தான். உன்னோடது மட்டும் காலையில வழியுது, சாயங்காலம் காஞ்சு கெடக்கு!

அண்ணி: காலையில அடுப்புல ஏதாவது கொதிச்சிருக்கும் கண்ணு. வாசனைக்கே இவருக்கு ஊறும்.

தங்கை: வாசனை படாம துப்பணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணி!

அண்ணன்: உங்க அண்ணி சமையலை நினைச்சாலே போதுமே...

அண்ணி: அட! இன்னிக்குத்தான் வாய் நிறையப் புகழறாரு.

தங்கை: பேச்சை மாத்தாதீங்க. பட்டப்பகல்ல இது எத்தனாவது கொட்டாவி? கண்ணு வேற செவந்திருக்கு. ராத்திரி தூங்கறதில்லையா?

அண்ணன்: பாப்பா விட்டாத்தானே...

தங்கை: விடிய விடிய தூங்கறான்னு போன வாரம்தான் போன்ல பெருமையடிச்சே.

அண்ணன்: அது போன வாரக் கதை...

தங்கை: ராத்திரி வேலை பார்க்கறவங்களுக்கு இப்படி ஆகலாம்னு எங்க மேடம் சொன்னாங்க. பிரஸ் வேலை போயிடுச்சா? எனக்கு ஃபீஸ் கட்ட வேற எங்கேயாவது... சொல்லிடுண்ணா. நான் படிப்பை விட்டுடறேன்.

அண்ணன்: அடி அசடே, கண்ணைத் துடை! அதே பிரஸ்தான். நானாதான் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கினேன்.

தங்கை: எதுக்கு?

அண்ணன்: பகல்ல பாப்பாவைப் பார்த்துக்க. மத்தியானம் அவ தூங்கினா நானும் கட்டையா விழுந்துடுவேன்.

தங்கை: அதான் அண்ணி இருக்காங்களே!

அண்ணன்: ...அவகிட்ட நீயே சொல்லும்மா. பாஸாகற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு என் வாயைக் கட்டினது நீதானே.

தங்கை: பாஸா? யாரு? அண்ணி...!

அண்ணி: உங்க காலேஜ்லதான் நானும் படிக்கறேன் கண்ணு, பின்னாடி கட்டடம். பல்செட்டு செய்யற கோர்ஸ். ஃபெயிலானா நீ ஓட்டியே கொன்னுடுவியேன்னு... ரெண்டு தடவை உன்னைப் பார்த்துட்டுத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன்!