ஸ்ரீரங்கத்துப் பெட்டி

விலை கூடிய ப்ளஷ் பேலட் வாங்கலாமா வேண்டாமா என்று யார் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை, ஃபாதர். முதலில் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டச் சொல்வேன். பிறகுதான் பேச்சு.

புனித வாரத்தில், பின்னால் இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவள் இதையா பேசுவாள் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றியும்விட்டது. "பாவத்தை மட்டும் சொல்லும்மா" என்கிறீர்கள். பாவத்துக்குத்தான் வருகிறேன். ப்ளஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால், நான் செய்தது எப்படி வேலை செய்தது என்பது உங்களுக்குப் புரியாது.

ப்ளஷ் என்பது கன்னத்தில் பூசும் பொடி. வெட்கப்பட்டால் முகத்துக்கு ரத்தம் ஏறுகிறதே, அதை வெட்கமில்லாமலே வரவழைப்பது. அவ்வளவுதான் அதன் வேலை. மலிவான பொடியில் வெள்ளை மாவு அதிகம், நிறம் குறைவு. நம் ஊர் மாநிறத்தில் அதைப் பூசினால் வெட்கம் வராது, காய்ச்சல் வந்த மாதிரி வெளிறித் தெரியும். விலை கூடியதில் மாவை அவ்வளவு நைசாக அரைத்து, துகள் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் காட்டியிருப்பார்கள். அது தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பெண் திருச்சி வெயிலில் கோயில் வாசலில் நின்று எல்லோருடனும் போட்டோ எடுத்து முடித்தாலும் திட்டுத் திட்டாகாது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் நாம் கொடுக்கும் விலை இதற்கில்லை. அந்தச் சிவப்புக்கு.

அந்தச் சிவப்பு என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். உத்திர வீதியில் பெண் வீடு. நானும் ஷெர்லினும் போயிருந்தோம். ஷெர்லினை உங்களுக்குத் தெரியும். முசிறிப் பெண், பள்ளிக்கூடம் முடித்த கையோடு மேலப்புதூரில் என் பார்லருக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தவள். பார்லருக்கு மேலே உள்ள அறையில் தங்கினாள், என் வீட்டில் சாப்பிட்டாள். என் கணவர் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு தட்டு வைக்க ஆரம்பித்தது அவள் வந்த பிறகுதான்.

அன்றைக்குப் பெண்ணின் அம்மா, மகாலட்சுமி மாமி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் ப்ளஷ் அட்டையைப் படிக்க ஆரம்பித்தார்.

"இதுல கார்மைன்னு போட்டிருக்கே, அது என்னடியம்மா?"

எனக்குத் தெரியவில்லை. மாமி போனில் தேடினார். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து, அரைத்து எடுக்கும் சாயம் என்று வந்தது.

"பூச்சியா? பூச்சிய அரைச்சா எம்பொண்ணு மூஞ்சில பூசப்போறேள்? ரங்கா!"

"நீங்க கட்டியிருக்கற பட்டுப் புடவையும் பூச்சிதானே மாமி" என்றாள் ஷெர்லின்.

"வாய மூடு. அது வேற, இது வேற."

"ஒண்ணும் பண்ணாது மாமி, இங்க பாருங்க" என்று ஷெர்லின் அதை எடுத்துத் தன் கன்னத்திலேயே இரண்டு பக்கமும் தேய்த்துக் காட்டினாள். அதுவரை அவள் தன் முகத்துக்குப் பவுடருக்கு மேல் எதுவும் போட்டதில்லை. மாமி வீட்டு டிபன் வருவதற்குள் அவள் கண் இரண்டும் இட்லி மாதிரி உப்பிவிட்டன.

"பாத்தியா, பெருமாளே காட்டிட்டார்" என்றார் மாமி. ஆனால் வண்டி பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

டாக்டர் நன்றாக விளக்கினார். சில உடம்புக்கு அந்தப் பூச்சிச் சாயம் எதிரி. உடம்பு எதிரியை மறப்பதே இல்லை. முதல் தடவை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை அதைவிட வேகமாகப் பாயும். எனக்கு இப்படி விளக்குகிறவர்களைப் பிடிக்கும்.

அதற்குப் பிறகு நான் தனியாக ஒரு வெள்ளைப் பெட்டி போட்டேன். பூச்சி, கொழுப்பு எதுவும் சேராத பொருள் மட்டும். மூடியில் 'ஸ்ரீரங்கம்' என்று எழுதி ஒட்டினேன். மாமியே தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி, உத்திர வீதியிலும் சித்திர வீதியிலும் எங்களுக்கு நல்ல பெயர். ஷெர்லினும் தன் முகத்துக்கு அந்தப் பெட்டியில் உள்ளதைத்தான் எடுப்பாள். ஒவ்வொரு அட்டையையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து உள்ளே வைப்பது என் வேலை. நான் வைத்துவிட்டால் அவள் மறுபடி படித்துப் பார்ப்பதில்லை.

வருகிறேன், ஃபாதர். பக்கத்தில் வந்துவிட்டேன்.

பிரவீன்ராஜ் நல்ல பையன். மஸ்கட்டில் லிஃப்ட் கம்பெனி வேலை. லீவில் வந்தபோது நம் கோயில் பாட்டுக் குழுவில் ஷெர்லினைப் பார்த்தான். கல்யாணம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பேச்சு. நீங்கள்தான் ஓலை வாசித்தீர்கள். மூன்று ஞாயிறும், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கலாம் என்றீர்கள். மூன்று ஞாயிறும் நான் முன் பெஞ்சில்தான் இருந்தேன். அவள் போய்விடுவாள் என்பது தடைக் கணக்கில் வராது என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதத்தில்தான் அவள் போனை நீட்டினாள்.

"அக்கா, அவங்க வரும்போது என்ன வேணும்னு கேக்கறாங்க. இந்த பேலட் வொர்த்தாக்கா? ஆறு கலருக்குப் போய் இவ்ளோ விலையா?"

ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தேன். உங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். மாவு, எண்ணெய், அரைப்பு. பொருள் உண்மையிலேயே அருமை, ஃபாதர். நான் மட்டமான சாமானைச் சிபாரிசு செய்கிறவள் இல்லை.

"கல்யாணப் பொண்ணுக்கு வொர்த்துதான்" என்றேன்.

"நம்ம பூச்சி இருக்குமோ?"

"வரட்டும், பாத்துக்கலாம்."

அன்று மாலையே அந்தக் கம்பெனியின் பக்கத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். ஆறில் ஐந்து நிறத்தில் இருந்தது. ஆறாவது, பீச் நிறம், வெறும் இரும்புத் துருவிலிருந்து எடுத்தது. அதில் பூச்சி இல்லை.

பிரவீன்ராஜ் கிளம்புவதற்கு முன் போனில் புலம்பினான். "லக்கேஜ் வெயிட் தாண்டுதுக்கா, அம்மாவுக்கு வாங்கின மிக்ஸியே பாதி இருக்கு."

"அட்டைப் பெட்டியெல்லாம் எதுக்குத் தம்பி சுமக்கறீங்க? பிரிச்சுத் தூக்கிப் போட்டுட்டு டப்பாவ மட்டும் கொண்டாங்க."

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது அட்டையில்தான் அச்சாகியிருக்கும், டப்பாவில் இருக்காது. அதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதுப் பொருள் வந்தால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஷெர்லினுக்கு நான்தான் தடவினேன். பீச் நிறத்தைத் தடவினேன். மறுநாள் காலை அவள் மாடிப்படியிலிருந்தே கத்தினாள். "ஒண்ணுமே ஆகலக்கா! மஸ்கட் சரக்கு பாஸ்!"

நான் பேலட்டை எடுத்து ஸ்ரீரங்கத்துப் பெட்டியில் வைத்தேன். பொய் சொன்னேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்லவில்லை.

அவளுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு தள்ளிப்போடல். கல்யாணம் சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை வைத்திருந்தீர்கள். அது தவறினால் தவக்காலம், நம் கோயிலில் கல்யாணம் கிடையாது. உயிர்ப்பு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். அவனுக்கோ லீவு அதற்குள் முடிந்துவிடும். ஒரு தடவை நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்பது தெரியாதா? ஒன்று நகர்ந்தால் மற்றது தானாக நகரும். கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

அன்று காலை அவள் வெள்ளைப் புடவை கட்டி, கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் கண்ணாடி முன் உட்கார்ந்தாள். நீங்கள் பார்லரை மந்திரித்தபோது தீர்த்தம் தெளித்தீர்களே, அதே கண்ணாடி. ரோஜா நிறத்தை எடுத்தேன். பிரஷ்ஷைத் தட்டி, கன்ன எலும்பின் மேல் காதை நோக்கி இழுத்தேன். அவ்வளவு அழகாகப் பிடித்தது.

"எப்படிக்கா இருக்கேன்?"

"மாதா மாதிரி இருக்கடி."

பிறகு உண்மையான சிவப்பு வந்தது. முதலில் பூசிய இடத்தில், பிறகு கழுத்தில், பிறகு கை வரை. பூசின நிறமும் ஏறின நிறமும் எங்கே பிரிகின்றன என்றே தெரியவில்லை. அந்தப் பேலட் அவ்வளவு அசலாக இருந்தது. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தேவைக்கு மேல் கொஞ்சம் நின்றிருப்பேன். "அக்கா, மூச்சு" என்றாள். அதற்குப் பிறகு பேச வரவில்லை.

ஆட்டோக்கார ரஃபீக் அண்ணனைக் காலையிலேயே வாசலில் நிறுத்திவைத்திருந்தேன். "கோயிலுக்குப் போகக் கார்தானேக்கா வருது, நான் எதுக்கு?" என்று அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஆஸ்பத்திரி பக்கம்தான், ஊசி உடனே போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். யோசித்துச் செய்தால் எதிலும் ஆபத்தில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரை வர நேரமிருக்காது என்று டாக்டர் சொன்னது மட்டும் எனக்குச் சங்கடமாக இருந்தது.

குரல் திரும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நீங்க இல்லன்னா செத்திருப்பேன்கா." அதுவும் உண்மைதான்.

பிரவீன்ராஜ் திரும்பிப் போனான். இந்தத் தவக்காலம் முழுக்க நானும் அவளும் சேர்ந்தே நோன்புக் கஞ்சி குடித்தோம், சேர்ந்தே சிலுவைப்பாதைக்கு வந்தோம். அவள் தலை என் தோளில் சாய்ந்திருப்பதைப் பார்த்து நீங்களே சிரித்தீர்கள். எனக்கு நினைவு தெரிந்து இவ்வளவு நிம்மதியான தவக்காலம் வந்ததில்லை.

ஆனால் பையன் விடவில்லை. மறுபடி லீவு வாங்கிவிட்டான். பெட்டியில் பூச்சி எப்படி வந்தது என்று அவனுக்கு உறுத்தியிருக்கிறது. அட்டையைத் தூக்கிப் போடச் சொன்னது நான் என்று உங்களிடம் போனில் சொல்லியிருக்கிறான். நேற்று நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். "லூர்துராணி, நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஆபீஸ் ரூமுக்கு வாம்மா. ஷெர்லின் விஷயமா ஒண்ணு கேக்கணும்."

நான் ஆபீஸ் ரூமுக்கு வரவில்லை. இங்கே வந்து முழங்காலிட்டேன்.

புதுநன்மைப் பிள்ளைகளுக்கு நீங்கள் வகுப்பெடுக்கும்போது நான் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக் கூடாது. போலீசிடம், பிஷப்பிடம், சம்பந்தப்பட்டவரிடம்கூட. தெரிந்த மாதிரி முகத்தில் காட்டவும் கூடாது. உயிரே போனாலும் கூடாது. ஆபீஸ் ரூமில் நான் வாய் தவறிச் சொல்லியிருந்தால் உங்களுக்கு வழி இருந்திருக்கும். இங்கே சொன்னதால் இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு, பாருங்கள். ஒரு திருகாணி கூட அதிகமில்லை.

"இனிமே செய்யமாட்டேன்னு சொல்லும்மா" என்கிறீர்கள். குரல் ஏன் இப்படி நடுங்குகிறது? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள். மன்னிப்புக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் பாடு. மன்னிப்பு இல்லையென்றாலும் ரகசியம் ரகசியம்தான், அதையும் நீங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

உயிர்ப்பு விழா முடிந்து வரும் வாரம் கல்யாணம். மேக்கப்புக்கு வேறு யாரையாவது பார்க்கலாமே என்று நானாகவே சொன்னேன், ஃபாதர். ஷெர்லின் என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "உங்க கை தவிர வேற யார் கையும் என் முகத்துல படக் கூடாதுக்கா." சரி என்றேன்.

முசிறியிலிருந்து அவள் அம்மாவும் பேசினார். மகள் கடல் தாண்டிப் போகிறாளே என்று ஒரு வார்த்தை வருத்தம் இல்லை, சிரித்துக்கொண்டே பேசினார். பெற்றவர்கள் அப்படித்தான், சுலபமாக அனுப்பிவிடுகிறார்கள். அவள் மேல் உண்மையான பாசம் உள்ளவள் நான் ஒருத்திதானே.