ஹார்வி துரைக்கு ஓர் அர்ச்சனை

— ஹலோ, முதல்ல இதைக் கேளும் பத்மா. உம்மட ஹார்வி துரைக்குக் கட்டுக்கலைப் பிள்ளையாரிட்ட அர்ச்சனை செய்விச்சுப் போட்டன்.

— ஆருக்கு?

— உம்மட முதலாளிக்குத்தான். என்ர பெண்சாதிக்கு அமெரிக்காவில நேர்ஸ் வேலையும் குடுத்து, குடும்பத்துக்கு நிரந்தர வதிவிடம் கேட்டு எழுதியும் போட்ட மனிசன். ஒரு நன்றி செய்ய வேண்டாமே? ஐயர் நட்சத்திரம் கேட்டார். வெள்ளைக்காரனுக்கு என்ன நட்சத்திரம், என்ர மூலத்தைக் குடுத்திட்டன்.

— இஞ்சேருங்கோ, நான் இப்ப அவரிட்ட வேலை செய்யேல்லை.

— என்ன?

— விட்டிட்டன். இப்ப வேற ஆஸ்பத்திரி. இரவும் பகலும் ஒரே ஆளைப் போட்டு முறிச்சால் என்ன செய்யிறது. சொன்னால் நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள் எண்டுதான் சொல்லேல்லை.

— பொறும், பொறும். அப்ப விண்ணப்பம்?

— அதைச் சொல்லத்தான் எடுத்தனான். விண்ணப்பம் குடுத்து ஆறு மாசம் தாண்டிட்டுதெண்டால், அதே நேர்ஸ் வேலை செய்யுமட்டும் முதலாளி மாறினாலும் பிழையில்லை. அதுக்கு முந்திப் பழைய முதலாளி, இவ எனக்கு வேண்டாம் எண்டு குடிவரவுக் கந்தோருக்கு ஒரு கடிதம் போட்டால் எல்லாம் போச்சு. ஹார்வி போடுவன் எண்டு சன்னதம் ஆடினவர்.

— கடவுளே. இஞ்ச போன கிழமையும் ஆமிக்காரங்கள் குண்டசாலை வீட்டுக்கு வந்து எங்களைப் பதிஞ்சுகொண்டு போனவங்கள். சின்னவள் அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு நிண்டவள். அம்மாட்ட எப்ப போறம் எண்டு நெடுகக் கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

— மாஸ்டர், மெதுவாப் பேசுங்களே. கடையில ஆக்கள் ஈக்கிறாங்க.

— குறை நினையாதையுங்கோ தாஸிம் நானா. உங்கட கடை டெலிபோனிலதான் என்ர குடித்தனம் கவிழுது.

— இஞ்சேருங்கோ, அவரை விடுங்கோ. அர்ச்சனையோட நிண்டனீங்களோ?

— இல்லை. ஒரு பார்சலும் அனுப்பினன்.

— என்ன வைச்சனீங்கள்?

— புசல்லாவைத் தேயிலை, மிளகாய் வடகம், என்ர அளவில ஒரு பத்திக் சேட்டு. பிறகு, கடித உறைக்குள்ள பிரசாதம்.

— என்ன பிரசாதம்?

— திருநீறுதான். நிறையப் போட்டன், துரை பெரிய உடம்பு எண்டு நீர்தானே சொன்னீர். தபால் கந்தோரில ஆமிக்காரன் பிரிச்சு மணந்து பார்த்திட்டு, கதிர்காமத்துச் சாமான் எண்டு தானும் ஒரு கீற்றுப் பூசிக்கொண்டு விட்டவன்.

— இஞ்ச ஒரு மாசமா ஆரோ தபாலில நோய்க்கிருமி கலந்த வெள்ளைத் தூள் அனுப்பி ஆக்களைக் கொல்லுறாங்கள். நீங்கள் பேப்பர் வாசிக்கிறேல்லையே?

— எங்கட பேப்பரில எங்கட சாவுக்கே இடம் காணாது. பொறும். துரை உறையை உடைச்சவரோ?

— உடைச்சு மடியில கொட்டினவர்.

— ஐயோ.

— தீயணைப்பு வண்டி, பொலிஸ், மேல ஹெலிகொப்ரர். துரையை வெளியில நிப்பாட்டி, உடுப்பைக் கழட்டி, குழாய்த் தண்ணி அடிச்சவையாம். அம்பிகைபாகன் எண்ட உங்கட பெயரை வாசிச்சு முடிக்கவே அவைக்கு அரை மணித்தியாலம். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போச்சினம்.

— பத்மா, உமக்கு அடிச்சவங்களோ?

— சீச்சீ, கோப்பி தந்தவங்கள். நான் கைப்பையில இருந்த என்ர திருநீற்றை எடுத்து நெத்தியில பூசி, மிச்சத்தை வாயில போட்டுக் காட்டினன். முகமூடி போட்ட ஒருத்தன் கதிரையோட பின்னுக்கு விழுந்திட்டான்.

— சிரிக்கிறீரோ? நானே என்ர கையால குழி தோண்டியிருக்கிறன், நீர் சிரிக்கிறீர். இனி அந்த மனிசன் சும்மா இருப்பானோ? உடன கடிதத்தைப் போடுவான்.

— அது முதலே எழுதிட்டார். கையெழுத்தும் வைச்சு, அண்டைக்குப் பின்னேரம் அனுப்ப மேசையில வைச்சிருந்தவராம்.

— அப்ப முடிஞ்சுது.

— பொறுமையாக் கேளுங்கோ. துரையின்ர கந்தோரைச் சீல் வைச்சு, ஒரு துண்டுக் கடதாசியும் வெளியில விடேல்லை. மனிசனையும் ஆஸ்பத்திரியில தனி அறையில போட்டு, வெறும் சாம்பல் எண்டு அறிக்கை வந்தாப் பிறகு நேற்றுத்தான் வீட்டை விட்டவை. எங்கட ஆறு மாசம் முந்தநாளோட முடிஞ்சுது.